கூட்டாமல் குறைக்காமல்

ஜனவரி 14, செவ்வாய்

இன்று பொங்கல்; வேலைக்கும் முதல் நாள். சும்மா வீட்டில் இருப்பதைவிட ஓர் அலுவல் இருந்தால் நல்லது என்று மகன் வாகீசன் சொன்னதால் ஒப்புக்கொண்டேன். எனக்குச் சரிவருமா என்று இன்னும் தெரியவில்லை.

நாங்கள் இருக்கும் ஸ்காபரோ அடுக்குமாடியிலிருந்து பஸ்ஸில் சிறிது தூரம் போனால் ஒரு சமூக நிலையம். அதன் நிலக்கீழ் அறையில், கனடாவுக்குப் புதிதாக வந்த குடும்பங்கள் செவ்வாய்தோறும் காலையில் சிறு பிள்ளைகளோடு கூடுகின்றன. நீலக் கம்பளத்தில் வட்டமாக இருந்து பாட்டு, படப்புத்தகம், கதை. போகும்போது ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு துணிப்பையில் புத்தகம் கொடுத்துவிடுகிறார்கள். பள்ளிக்கூடம் தொடங்குவதற்கு முன்பே பிள்ளை சொல்லோடும் புத்தகத்தோடும் பழக வேண்டும், அதைத் தாய் தகப்பன் தங்கள் சொந்த மொழியிலேயே தொடங்க வேண்டும் என்பது அவர்களுடைய எண்ணம். நல்ல எண்ணம். எனக்கு அப்படி யாரும் சொல்லவில்லை. நானும் வாகீசனுக்குப் புத்தகம் வாசித்துக் காட்டியதாக நினைவில்லை.

அறையின் ஜன்னல்கள் நிலமட்டத்தில் இருக்கின்றன. பனி பாதி உயரத்துக்கு மூடியிருக்கிறது. அதனூடாக வரும் வெளிச்சம் நீலமாக இருக்கிறது. கிணற்றுக்குள் இறங்கி நின்று மேலே பார்ப்பதுபோல. அதற்குள் பிள்ளைகள் பாடும்போது சத்தம் தண்ணீருக்குள்ளிருந்து வருவதாகத் தோன்றியது. சற்றுக் கண் அயர்ந்துவிட்டேனோ என்றும் பயந்தேன்.

நடத்துபவர் டோரீன் என்ற கயானாக்காரி. பெரிய உடம்பு, பெரிய சிரிப்பு. என் கழுத்துப் பட்டியைப் பார்த்து, “மிஸ்டர் அருள், யாருடைய வழக்கு இன்று?” என்று கேட்டார். அருளம்பலம் என்ற பெயர் அவருக்கு வாயில் வரவில்லை. நான் வவுனியா நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவன் என்பதை யாரோ சொல்லியிருக்க வேண்டும்.

நான் மொழிபெயர்க்க வேண்டியது ஒரு குடும்பத்துக்குத்தான். தாய் ஜீவமலர், முல்லைத்தீவுப் பக்கம். முப்பது வயதிருக்காது. யுத்தம் முடிந்த பின்னர் அகதியாகப் பாங்கொக் போய், பல வருடம் அங்கே இருந்து, இப்போதுதான் இங்கே எடுக்கப்பட்டிருக்கிறார்கள். கணவனுக்கு இறைச்சித் தொழிற்சாலையில் வேலை. மகள் ஆரணி, பாங்கொக்கில் பிறந்தவள். வருகிற செப்டெம்பரில் பள்ளிக்கூடம் போகும் வயது.

டோரீன் முதல் நாளுக்குரிய கேள்விகளைக் கேட்டார். பிள்ளைக்கு என்னென்ன சொற்கள் தெரியும், கதை சொல்வாளா, பாடுவாளா. நான் தமிழில் கேட்டேன்.

ஜீவமலர் சிரித்துத் தலையைக் குனிந்துகொண்டாள். “இவளோ? இவளுக்கு ஒண்டும் தெரியாது ஐயா. வாயே திறக்க மாட்டாள்.”

நான் அதைச் சொல்லுக்குச் சொல் ஆங்கிலத்தில் சொன்னேன். டோரீனின் முகம் மாறியது. பிள்ளையின் தலையைத் தடவிவிட்டு எதையோ எழுதினார்.

பிள்ளை ஒரு கையில் மட்டும் கையுறையோடு இருந்தாள். பேசுபவர்களின் வாயைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒரு சத்தமும் இல்லை.

நீதிமன்றத்தில் சாட்சி சொன்னதைக் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. எனக்குச் சரியாகத் தெரிந்த ஒரே காரியம் அது. இன்று அதைச் செய்தேன் என்றே நினைக்கிறேன்.

ஜனவரி 15

வாகீசன் வேலையால் வந்து, “எப்பிடி அப்பா?” என்றான். “பரவாயில்லை” என்றேன். களைத்திருந்தான்.

ஜனவரி 21, செவ்வாய்

ஜீவமலரும் எங்கள் கட்டடத்தில்தான் இருக்கிறாள், ஐந்தாம் மாடியில். அதனால் மூவரும் ஒரே பஸ்ஸில் போய் வருகிறோம். நான் முன் இருக்கையில், அவர்கள் பின்னால்.

வட்டத்தில் இன்று ஒவ்வொருவரும் தங்கள் மொழியில் ‘காலை வணக்கம்’ சொல்ல வேண்டும். சிரியாப் பெண்ணின் இரட்டைப் பிள்ளைகள் கத்தினார்கள். எரித்திரியத் தகப்பன் வெட்கத்தோடு சொன்னார். ஆரணியின் முறை வந்தபோது அறை முழுவதும் காத்திருந்தது. அவள் தாயின் மடிக்குள் முகத்தை வைத்துக்கொண்டாள். டோரீன் என்னைப் பார்த்த பார்வையில் இரக்கம் இருந்தது. எனக்கும் மனம் கனத்தது. இவ்வளவு வடிவான பிள்ளை.

பனி ஜன்னலை இன்னும் கொஞ்சம் மூடியிருக்கிறது.

ஜனவரி 28, செவ்வாய்

திரும்பி வரும்போது பஸ்ஸுக்குள் சூடு கூடுதலாக இருந்தது. கண்ணாடியில் தலையைச் சாய்த்துவிட்டேன். நல்ல கனவு ஒன்று. ஒரு சின்னக் குரல் கதை சொல்கிறது. ஒரு யானை குளிருக்கு மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு லிஃப்டில் ஏறுகிறது. லிஃப்டில் இடம் காணாது. யானையின் வால் வெளியே நிற்கிறது. ஐந்தாம் மாடியில் கதவு திறக்கிறது, வால் மட்டும் கீழே தனியாக நின்று அழுகிறது. “அழாதை வாலே, உன்ர யானை வரும்” என்றது அந்தக் குரல்.

என் மனைவி பவளம் போன பிறகு கனவு வருவதே குறைவு. வந்தாலும் வீட்டுக்கு வரி கட்டவில்லை என்பதுபோல வரும். யானைக் கனவு இதுதான் முதல் தடவை. விழித்தபோது சந்தோஷமாக இருந்தது.

இறங்கும்போது ஜீவமலர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். “ஐயா குறட்டையும் இங்கிலீசிலதான் விடுறீங்கள்.”

பெப்ரவரி 2, ஞாயிறு

உடுப்பு மடித்தேன். முழுநாளும் பனி. இல்லாத சத்தமெல்லாம் கேட்பதுபோல இருக்கிறது, காதைச் சோதிக்க வேண்டும் என்று வாகீசனிடம் சொல்ல நினைத்தேன். அவனுக்கு விடுமுறை நாள், சொல்லவில்லை.

பெப்ரவரி 4, செவ்வாய்

துணிப்பையில் இந்த வாரம் சொல்லே இல்லாத புத்தகம். படங்கள் மட்டும். ஒரு கரடி நிலாவைத் தேடிப் போகிறது. “எழுத்து இல்லாமல் என்னத்தை வாசிக்கிறது?” என்று ஜீவமலர் கேட்டாள். படத்தைப் பார்த்து உங்கள் பாட்டுக்குச் சொல்லுங்கள், பிழை என்று ஒன்றும் கிடையாது என்று டோரீன் சொன்னதை நான் சொன்னேன். பிழை என்று ஒன்றும் கிடையாது என்ற வசனத்தைச் சொல்லும்போது எனக்கே புதிதாக இருந்தது.

கோட்டு மாட்டும் இடத்தில் என்னுடையதைத் தேடிக்கொண்டிருந்தேன். தொங்கும் கோட்டுகளுக்குப் பின்னாலிருந்து பாட்டு வந்தது. அன்று காலை டோரீன் பாடிய ஆங்கிலப் பாட்டு, சொல் பிசகாமல். விலக்கிப் பார்த்தேன். ஆரணி மட்டும் தனியே இருந்து சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். வாய் மூடியிருந்தது. என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

மறுபடியும் காது என்று நினைத்துக்கொண்டேன். மேலே மேசைகளை இழுக்கும் சத்தமாகவும் இருக்கலாம்.

பெப்ரவரி 11, செவ்வாய்

இன்று மனம் சரியில்லை.

வட்டம் முடிந்ததும் டோரீன் எங்களை ஒரு மூலைக்கு அழைத்தார். மார்ச் மாதம் பிள்ளைகளின் பேச்சைச் சோதிக்கும் நிபுணர் வருவார். ஆரணிக்குப் பேச்சு இல்லை என்று அவரும் உறுதிசெய்தால், செப்டெம்பரில் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போகாமல், தூரத்தில் உள்ள ஒரு விசேட வகுப்புக்குப் போக வேண்டியிருக்கும். பயப்பட ஒன்றுமில்லை, நல்ல இடம், காலையில் வான் வண்டி வந்து பிள்ளையை ஏற்றிக்கொண்டு போய் மாலையில் கொண்டுவந்து விடும்.

நான் மொழிபெயர்த்துக்கொண்டு போக ஜீவமலரின் முகம் வெளிறியது. ‘வான்’ என்ற சொல்லில் நின்றுவிட்டாள்.

“தனியவோ?”

“வேறு பிள்ளைகளும் இருப்பினம்.”

“நான் ஏறேலாதோ?”

கேட்டேன். பெற்றோர் ஏற முடியாதாம்.

அவள் பிள்ளைக்குக் கோட்டைப் போட்டாள். பொத்தானை ஓட்டை மாற்றிப் போட்டாள். பஸ்ஸில் நான் தூங்கவில்லை. கண்ணாடியில் வெளியே வெள்ளை ஓடிக்கொண்டிருந்தது. அதன் மேல் பின் இருக்கையின் பிம்பம். பிம்பத்தில் ஆரணியின் வாய் தாயின் காதருகில் அசைந்துகொண்டே இருந்தது. நெடுநேரம்.

இது கனவில்லை என்று நினைக்கிறேன். எழுதிவிட்டேன், ஆனால் யாருக்குச் சொல்வது என்று தெரியவில்லை.

பெப்ரவரி 15, சனி

சலவை அறை. நான் வெள்ளைத் துணியைத் தனியாகப் பிரித்துக்கொண்டிருந்தபோது ஜீவமலர் கூடையோடு வந்தாள். பிள்ளை தகப்பனோடு மேலே.

“ஐயா, நான் இனி அங்க வரேல்லை,” என்றாள். “நீங்கள் அவைக்குச் சொல்லிவிடுங்கோ.”

“ஏன் பிள்ளை?”

“வான் கதையை எடுத்தாப் பிறகு என்னெண்டு வாறது?” இயந்திரத்தின் மூடியைப் படாரென்று அடித்தாள். “ஆர் ஐயா அவைக்குச் சொன்னது, என்ர பிள்ளைக்குக் கதைக்கத் தெரியாதெண்டு?”

கையில் இருந்த வெள்ளைத் துணியைக் கீழே வைத்தேன். பிறகு சொன்னேன். “நீங்கள்தான் பிள்ளை சொன்னனீங்கள்.”

“நானோ? எப்ப?”

“முதல் நாள். என்ன தெரியும் எண்டு கேட்டவை. ஒண்டும் தெரியாது, வாயே திறக்க மாட்டாள் எண்டனீங்கள்.”

அவள் என்னை அப்படியே பார்த்தாள். “அது சும்மா சொல்லுறது ஐயா! பத்துப் பேருக்கு முன்னால, என்ர பிள்ளை எல்லாம் கதைப்பாள், பாட்டுப் பாடுவாள், தாய்லாந்துப் பாசையும் கதைப்பாள் எண்டு ஆரும் சொல்லுவினமோ? நாவூறு படாதோ? உங்களுக்கு இது தெரியாதே?”

“தெரியும்.”

“பேந்து ஏன் அப்பிடியே சொன்னனீங்கள்?”

இயந்திரத்தின் வட்டக் கண்ணாடிக்குள் துணிகள் சுற்றிக்கொண்டிருந்தன. நான் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வாகீசன் பல்கலைக்கழகத்துக்கு எடுபட்ட நாளில், வாழ்த்த வந்தவர்களிடம் பவளம் “ஏதோ தட்டுத்தடுமாறிப் பாஸ் பண்ணிப்போட்டான், மொக்கன்” என்று சொன்னாள். சொல்லிவிட்டு உள்ளே போய்ச் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். அதை மொழிபெயர்க்கச் சொல்லியிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன்?

“அங்க ஏன் ஆரணி வாய் திறக்கிறேல்லை?” என்று கேட்டேன்.

அவள் ஈரத்துணியைப் பிழிந்தபடி சொன்னாள். பாங்கொக்கில் விசா முடிந்த பிறகு ஒரு அறைக்குள்ளேயே இருந்தார்கள். குடிவரவுப் பொலிஸ் வந்து கதவைத் தட்டும். உள்ளே ஆள் இருப்பது தெரியக்கூடாது. பிடிபட்டவர்களை வானில்தான் ஏற்றிக்கொண்டு போனார்கள். “கதவுக்கு வெளியில சத்தம் கேட்டா இவளின்ர வாய்க்குள்ள பிஸ்கட் வைப்பன். பிறகு பிஸ்கட்டும் தேவைப்படேல்லை. பழகிட்டாள். வெளியாள் நிண்டா வாய் திறக்கக் கூடாது. நான்தான் பழக்கினது.”

“இப்ப கனடாவில்தானே.”

“அது எனக்கே இன்னும் முழுசா நம்பிக்கை வரேல்லை ஐயா. அவளுக்கு என்னெண்டு சொல்லுறது?”

துணி காய்ந்து முடிந்த மணி அடித்தது. இருவரும் திடுக்கிட்டோம்.

பெப்ரவரி 16, ஞாயிறு

நான் சொன்ன ஒவ்வொரு சொல்லும் சரி. பிள்ளையை வானில் ஏற்றப்போவதும் அந்தச் சொற்கள்தான்.

பெப்ரவரி 18, செவ்வாய்

ஜீவமலர் வரவில்லை. நான் தனியாகப் போனேன். டோரீனிடம் சொல்ல வேண்டியதை நான்கு வசனமாக ஒழுங்குபடுத்தி வைத்திருந்தேன். அவர் அருகில் வந்து, “என்ன மிஸ்டர் அருள், சிநேகிதி எங்கே?” என்றார். “இன்று குளிர் அதிகம்” என்றேன். நான்கு வசனமும் சொல்லப்படாமலே போயின. ஒரு மொழிபெயர்ப்பாளன் தன் பிழையால் ஒரு பிள்ளையின் வாழ்க்கை திசைமாறப் போகிறது என்று எப்படிச் சொல்வான்? அதோடு, பிள்ளையின் பேச்சை நானே கனவென்று நினைத்தவன். என்னை யார் நம்புவார்கள்?

முன்னால் எரித்திரியத் தகப்பன் கரடிப் புத்தகத்தை விரித்துத் தன் மொழியில் சொல்லிக்கொண்டிருந்தார். மகன் அவர் தாடியைப் பிடித்து இழுத்துச் சிரித்தான். நீல வெளிச்சத்தில் அவர்கள் மிதப்பதுபோலத் தெரிந்தது.

வீட்டுக்கு வந்து சோறு போட்டுச் சாப்பிட்டேன். வாகீசனும் மருமகளும் வர நேரமாகும் என்று கடதாசியில் எழுதி வைத்திருந்தார்கள்.

பெப்ரவரி 25, செவ்வாய்

சொல்லிவிட்டேன்.

எப்படி என்று எனக்கே தெரியவில்லை. பஸ்ஸை விட்டிறங்கி வழுக்குமோ என்று பயந்து பயந்து நடந்து போய், கோட்டைக் கழற்றாமலே டோரீனின் முன்னால் நின்று, “என் மொழிபெயர்ப்பில் பிழை” என்று தொடங்கினேன். ஒழுங்குபடுத்திய நான்கு வசனத்தில் ஒன்றும் வரவில்லை. நாவூறு என்பதை விளக்க முயன்றேன். எங்கள் பக்கத்தில் பிள்ளையைப் புகழ்ந்தால் பிள்ளைக்குக் கெடுதல் வரும் என்று தாய்மார் பயப்படுவார்கள், அதனால் இல்லை என்பார்கள், இருப்பதால்தான் இல்லை என்பார்கள் என்றேன். பாங்கொக் அறையைச் சொன்னேன். வானைச் சொன்னேன். இடையில் மூக்குக்கண்ணாடியில் ஆவி பிடித்து ஒன்றும் தெரியவில்லை.

டோரீன் ஒரு கதிரையை இழுத்து என்னை இருத்தினார். பிறகு, “என் அம்மா என்னைக் ‘குரங்கு முகம்’ என்றுதான் கூப்பிடுவாள்,” என்றார். “பக்கத்து வீட்டுக்காரி கேட்கும்படியாக.” ஆனால் உடனே கையை விரித்தார். நிபுணரைக் கேட்டாயிற்று, நாள் குறித்தாயிற்று. நிபுணர் பிள்ளையின் வாயிலிருந்து கேட்டால்தான் எழுதுவார். நீங்களும் நானும் சொல்வது காணாது. பிள்ளை பேச வேண்டும்.

பின்னேரம் ஐந்தாம் மாடிக்குப் போய்க் கதவைத் தட்டினேன். உள்ளே கேட்டுக்கொண்டிருந்த சிரிப்பு நின்றது. சத்தமே இல்லை. ஆளே இல்லாத வீடு போல. நான் தட்டியிருக்கக் கூடாது என்று உறைத்தது. “நான்தான் பிள்ளை, அருளம்பலம்” என்று கதவோடு சொன்னேன். திறக்கச் சிறிது நேரம் எடுத்தது.

ஜீவமலர் எல்லாவற்றையும் கேட்டாள். “அவள் கதைக்காமல் விட்டா?” என்றாள்.

தெரியாததை எப்படிச் சொல்வது?

“வாறம்,” என்றாள் கடைசியில். “நீங்களும் பக்கத்தில இருக்கோணும்.”

மார்ச் 4, செவ்வாய்

காலையில் எழுந்தபோது பனி இளகிக் கூரையிலிருந்து சொட்டும் சத்தம். கனவா என்று பார்த்தேன். இல்லை.

நிலக்கீழ் அறையில் ஒரு சின்ன மேசை. நிபுணரின் பெயர் ஹெலன். நரைத்த தலைமுடி, மென்மையான குரல். மேசையில் படங்கள் பரப்பியிருந்தார். டோரீன் கதவோரம் நின்றார். ஜீவமலர் பிள்ளையின் கன்னத்தில் ஒரு பெரிய கறுப்புப் பொட்டு வைத்துக் கொண்டுவந்திருந்தாள். ஹெலன் அதைப் பார்த்து ஏதும் காயமா என்றார். அலங்காரம் என்றேன். அது முழு உண்மையில்லை.

ஹெலன் கேட்பார், நான் தமிழில் கேட்பேன். இது என்ன? இது எங்கே இருக்கும்? உனக்கு எது பிடிக்கும்? ஒவ்வொரு கேள்விக்கும் ஆரணி முதலில் ஹெலனின் வாயையும் பிறகு என் வாயையும் பார்த்தாள். தன் வாயைத் திறக்கவில்லை. ஜன்னலில் பனி கரைந்து மேல்பாதியால் வெயில் விழுந்தது. மேசையில் வெளிச்சம் மெல்ல நகர்ந்தது. கேள்விகள் முடிந்துகொண்டு போயின.

ஜீவமலர் குனிந்து பிள்ளையின் காதில் சொன்னாள். ஆனால் எனக்கும் கேட்டது. “இஞ்ச கதைக்கலாம் மகள். இவை பிடிக்க வந்த ஆக்கள் இல்லை. கதவு திறந்துதான் கிடக்கு, பார். அம்மா சொல்லுறன், கதை.”

ஆரணி கதவைப் பார்த்தாள். டோரீன் அதை இன்னும் அகலத் திறந்துவிட்டு, தானும் வெளியே தள்ளி நின்றார்.

ஹெலன் கடைசிப் படத்தை எடுத்து, மிகவும் மெதுவாக, வாயை அகலத் திறந்து கேட்டார். நான் தமிழில் சொன்னேன்.

அப்போதுதான் அது நடந்தது. ஆரணி தாயின் பக்கம் சாய்ந்தாள். இரகசியம் பேசுவதாக நினைத்துக்கொண்டு, அறை முழுவதும் கேட்கும்படி சொன்னாள்.

“அம்மா, பாவம் இந்த அன்ரி. இவவுக்குக் கதைக்கத் தெரியாது போல. சும்மா சும்மா சத்தம் போடுறா. தாத்தாதான் அவவுக்காகக் கதைக்கிறார்.”

ஹெலன் பேனாவோடு நிமிர்ந்தார். “என்ன சொன்னாள்? என்ன சொன்னாள்?”

“ஐயோ ஐயா, அதைச் சொல்லிப்போடாதேங்கோ!” என்று ஜீவமலர் என் சட்டைக் கையைப் பிடித்தாள்.

நான் எழுந்து நின்றேன். ஏன் என்று தெரியாது, பழைய பழக்கம். ஒரு சொல்லும் கூட்டாமல், ஒரு சொல்லும் குறைக்காமல் ஆங்கிலத்தில் சொன்னேன். ‘பாவம்’ என்பதற்கு மட்டும் சரியான சொல் கிடைக்காமல் சிறிது நின்றேன்.

ஹெலன் சிரிக்கத் தொடங்கி, நிறுத்த முடியாமல் கண்ணாடியைக் கழற்றினார். வெளியே டோரீனின் சிரிப்பு நடையெல்லாம் ஓடியது. ஆரணி ஒருவரையும் சட்டைசெய்யவில்லை. மேசையில் கிடந்த யானைப் படத்தை எடுத்து ஹெலனின் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

“ஆ… னை. சொல்லுங்கோ அன்ரி.”

ஹெலன் என்னைப் பார்த்தார். நான் மொழிபெயர்க்கவில்லை. தேவையிருக்கவில்லை.

“ஆ… நே,” என்றார் ஹெலன்.

“இல்லை. என்ர வாயைப் பாருங்கோ. ஆ… னை. இவர் லிஃப்டுக்குள்ள போனவர். வால் வெளியில நிண்டிட்டுது.”

பிறகு மரம், பிறகு கப்பல், பிறகு மழை. ஹெலனுக்கு ‘ழை’ வரவேயில்லை. ஆரணி அவரைத் திட்டாமல், திரும்பத் திரும்பச் சொல்லிக் கொடுத்தாள். நான் கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். யாருக்கும் நான் வேண்டியிருக்கவில்லை. அது எவ்வளவு இனிமையாக இருந்தது என்று எழுத வருகிறதில்லை.

முடிவில் ஹெலன் தன் கடதாசிகளை அடுக்கிக்கொண்டு சொன்னார். விசேட வகுப்பு வேண்டாம். செப்டெம்பரில் பக்கத்துப் பள்ளிக்கூடம், தாயே கைபிடித்துக் கொண்டுபோய் விடலாம். அதுவரை இந்த வட்டத்துக்கு வரட்டும், வீட்டில் தமிழிலேயே கதை சொல்லட்டும். நான் ஜீவமலருக்குச் சொன்னேன். அவள் உடனே பிள்ளையின் மூக்கை இழுத்துத் துடைத்தாள். துடைக்க அங்கே ஒன்றும் இருக்கவில்லை.

“சரியான வாயாடி ஐயா,” என்றாள், குரல் உடைந்து. “இவளோட வீட்டில இருக்கேலாது. தலையிடிதான்.”

“அம்மா என்ன சொல்கிறார்?” என்று ஹெலன் கேட்டார்.

“மகளை நினைத்துப் பெருமையாக இருக்கிறது என்கிறார்,” என்றேன்.

பெருமைக்கான அந்த ஆங்கிலச் சொல் ஜீவமலருக்குத் தெரிந்திருக்க வேண்டும். சட்டென்று என்னைத் திரும்பிப் பார்த்தாள். “நாவூறு படப்போகுது ஐயா,” என்றாள், அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும்.

அதை நான் மொழிபெயர்க்கவில்லை.